ஓட்டுப் போடாமல் இருந்தால் நடுநிலையா? விஸ்கான்சின் அரசு ஊழியர் சங்கங்களின் மறு அங்கீகாரத் தேர்தல்

அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் ஒரு பள்ளி மாவட்டத்தில் (ஒரு வட்டாரத்தின் அரசுப் பள்ளிகளை நடத்தும் அமைப்பு) வகுப்பறை உதவியாளராகச் சேர்ந்து ஒரு வருடம் ஆன சகோதரி ஒருவர் கேட்டிருக்கிறார்: "ஸ்டாஃப் ரூம் சுவரில் சங்கத் தேர்தல் என்று ஒரு நோட்டீஸ் ஒட்டியிருக்கிறார்கள். நான் சங்கத்தில் சேரவில்லை, சந்தாவும் கட்டவில்லை. எனக்கு ஓட்டு உண்டா? எந்தப் பக்கமும் சாயாமல் பேசாமல் இருந்துவிட்டால் நடுநிலைதானே? சங்கம் தோற்றால் என் வேலைக்கு ஏதாவது ஆகுமா? இதை ஏன் வருடா வருடம் நடத்துகிறார்கள்?"

முதலில் நேரான பதிலைச் சொல்லிவிடுகிறேன். இது சங்க நிர்வாகிகளைத் தேர்ந்தெடுக்கும் தேர்தல் இல்லை, இந்தச் சங்கம் தொடர்ந்து உங்கள் சார்பில் நிர்வாகத்தோடு பேச வேண்டுமா என்று கேட்கும் மறு அங்கீகாரத் தேர்தல். உங்களுக்கு ஓட்டு உண்டு. உறுப்பினரா இல்லையா, சந்தா கட்டினீர்களா இல்லையா என்பதெல்லாம் இதில் கணக்கே இல்லை. சங்கம் எந்த ஊழியர்களுக்காகப் பேசுகிறதோ அந்த யூனிட்டில் நீங்கள் இருந்தால் போதும். வேலையும் போகாது. ஆனால் பேசாமல் இருப்பது நடுநிலை என்ற எண்ணத்தை மட்டும் இன்றைக்கே விட்டுவிடுங்கள். இந்த மாநிலத்தில், இந்த ஒரு தேர்தலில், ஓட்டுப் போடாத ஒவ்வொருவரும் 'சங்கம் வேண்டாம்' என்று சொன்னவராகத்தான் கணக்கில் வருவார்.

நானும் இங்கே பள்ளி ஊழியன்தான். எங்கள் கட்டடத்துக்குச் சங்கப் பிரதிநிதியாகப் பல நவம்பர்களில் இந்தத் தேர்தலுக்காக அலைந்திருக்கிறேன். ஆகவே நான் எந்தப் பக்கம் என்பதை மறைக்கப் போவதில்லை. ஆனால் விதிகளை உள்ளது உள்ளபடி சொல்கிறேன். அதைத் தெரிந்துகொண்ட பிறகு வேண்டும் என்று போடுவதோ வேண்டாம் என்று போடுவதோ உங்கள் உரிமை.

சட்டம் கேட்பது 51 சதவீதம். எதில் 51 சதவீதம் என்பதில்தான் எல்லாமே இருக்கிறது. பதிவான ஓட்டில் அல்ல, யூனிட்டில் உள்ள மொத்த ஊழியர்களில். உங்கள் யூனிட்டில் 40 பேர் என்று வைத்துக்கொள்ளுங்கள். 40-இல் 51 சதவீதம் 20.4. அரை ஆள், கால் ஆள் கிடையாது என்பதால் 21 பேர் வேண்டும். 20 பேர் வேண்டும் என்கிறார்கள், ஒருவர் வேண்டாம் என்கிறார், மீதி 19 பேர் ஓட்டே போடவில்லை. ஊரில் கூட்டுறவு சங்கத் தேர்தலில் 20-க்கு 1 என்று வந்தால் மாலை போட்டு ஊர்வலம் போவார்கள். இங்கே சங்கம் தோற்றுவிட்டது.

பெரிய யூனிட்களில் இன்னொரு நுணுக்கமும் உண்டு. 1,000 பேர் உள்ள யூனிட்டில் பாதிக்கு மேல் என்றால் 501 போதும். சட்டம் சொல்லும் 51 சதவீதத்துக்கு 510 வேண்டும். அந்த ஒன்பது பேரைத் தேடி எத்தனை பேர் எத்தனை மாலைப் பொழுதுகளைச் செலவழிக்கிறார்கள் என்பது வெளியே இருந்து பார்த்தால் தெரியாது.

இந்தச் சட்டத்தைக் கொண்டுவந்த அப்போதைய ஆளுநர் (இங்கே ஆளுநர் என்றால் நம் ஊர் முதலமைச்சர் மாதிரி, மக்கள் ஓட்டில் வருகிறவர்) ஸ்காட் வாக்கர் 2010 தேர்தலில் சுமார் 52 சதவீத ஓட்டு வாங்கி ஜெயித்தார். அது பதிவான ஓட்டில் 52 சதவீதம். எண்ணிக்கையில் பார்த்தால் ஏறத்தாழ 11 லட்சத்து 29 ஆயிரம். அப்போது மாநிலத்தில் 18 வயது தாண்டியவர்கள் 43 லட்சத்துக்கும் மேல். ஓட்டுப் போடாதவர்களை எல்லாம் எதிர்ப்பாகக் கணக்கிட்டிருந்தால் அவருக்குக் கிடைத்தது நாலில் ஒரு பங்கு சொச்சம்தான். அந்த அளவுகோலை வைத்தால் இந்த நாட்டில் பதவியில் இருக்கும் ஆளுநர் ஒருவரைக் கண்டுபிடிப்பதே கஷ்டம். ஊழியர் சங்கத்துக்கு மட்டும் அந்த அளவுகோல்.

நான் பக்கத்தில் இருந்து பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். சில வருடங்களுக்கு முன் ஒரு பள்ளி மாவட்டத்தில் சமையலறை ஊழியர்கள், துப்புரவுப் பணியாளர்கள் சேர்ந்த சின்ன யூனிட். ஓட்டு முடிய முந்தின நாள் சாயங்காலம். நாலரை மணிக்கே இருட்டிவிட்டது. பள்ளி கார் நிறுத்தும் இடத்தில் இரண்டு பெண்கள் கையில் பெயர்ப் பட்டியலோடு நின்று, ஷிஃப்ட் முடிந்து வருகிறவர்களை ஒவ்வொருவராகக் கேட்டார்கள். "போட்டாச்சா?" "போடணும், வீட்டுக்குப் போய்ப் போடறேன்." அப்படிச் சொன்னவர்களில் சிலர் போட்டார்கள், சிலர் மறந்துபோனார்கள். ஒருவருக்குக் குழந்தைக்குக் காய்ச்சல், ஒருவருக்கு இரண்டாவது வேலை. முடிவு வந்தபோது 'வேண்டாம்' என்று ஒரே ஒரு ஓட்டுதான் விழுந்திருந்தது. ஆனாலும் இரண்டு ஓட்டுக் குறைவில் சங்கத்துக்கு அங்கீகாரம் போயிற்று. மறுநாள் சமையலறையில் ஒரு அம்மா என்னிடம், "நான் எதிர்த்து ஒன்றும் போடலையே தம்பி, சும்மாதானே இருந்தேன்" என்று சொன்னார். அவர் முகம் இன்னும் நினைவில் இருக்கிறது. சும்மா இருந்ததைச் சட்டம் என்னவாக எழுதிக்கொண்டது என்று அவருக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. உங்கள் கேள்வியைப் படித்ததும் இவ்வளவு நீளமாக எழுத உட்கார்ந்ததற்கு அவர்தான் காரணம்.

சரி, இது ஏன் வந்தது? தனியார் கம்பெனித் தொழிலாளர்களுக்கு நாடு முழுக்க ஒரே மத்தியச் சட்டம் உண்டு. மாநில, நகராட்சி, பள்ளி ஊழியர்கள் அதில் வரமாட்டார்கள். அவர்களுக்கு அந்தந்த மாநிலம் போடுவதுதான் சட்டம். விஸ்கான்சின் இதில் முன்னோடி. உள்ளாட்சி ஊழியர்களுக்குக் கூட்டாகப் பேரம் பேசும் உரிமையை 1959-இல் சட்டமாக்கிய முதல் மாநிலம் இதுதான். இன்றைக்கு அமெரிக்காவின் மிகப் பெரிய அரசு ஊழியர் சங்கங்களில் ஒன்றான ஆஃப்ஸ்மி பிறந்ததும் 1930-களில் இங்கே மாநிலத் தலைநகர் மேடிசனில்தான். அந்தக் காலத்து முறை எளிமையானது. ஊழியர்கள் ஒருமுறை ஓட்டுப் போட்டுச் சங்கத்தைத் தேர்ந்தெடுப்பார்கள். பிடிக்காமல் போனால் ஊழியர்களே மனுப் போட்டு, இன்னொரு தேர்தல் வைத்து அதை நீக்கலாம். மனு வராதவரை சங்கம் தொடரும். தனியார் துறையில் இன்றும் ஏறக்குறைய அதே முறைதான், வெற்றி தோல்வியும் பதிவான ஓட்டை வைத்துத்தான்.

2011 பிப்ரவரியில் வாக்கர் பட்ஜெட் திருத்தம் என்ற பெயரில் ஒரு மசோதா கொண்டுவந்தார். பின்னால் அதுதான் 10-வது சட்டம், இங்கே எல்லோரும் சொல்லும் 'ஆக்ட் டென்'. செனட்டில் ஓட்டெடுப்பு நடக்கக்கூடாது என்று ஜனநாயகக் கட்சி செனட்டர்கள் 14 பேரும் பக்கத்து மாநிலமான இல்லினாய்க்குப் போய்விட்டார்கள். மேடிசனில் தலைமைச் செயலகக் கட்டடத்துக்குள் வாரக்கணக்கில் ஜனங்கள் படுத்து எழுந்தார்கள். வெளியே பனியில் பல்லாயிரம் பேர். எல்லாம் நடந்தும் மார்ச் 11 அன்று அவர் கையெழுத்துப் போட்டார்.

அந்தச் சட்டத்தின் கண்ணிகளைத் தனித்தனியாகப் பார்த்தால் புரியாது, சேர்த்துப் பார்க்க வேண்டும். சங்கம் பேசக்கூடியது அடிப்படைச் சம்பளம் ஒன்றைத்தான். அதுவும் விலைவாசி உயர்வு அளவுக்குள். அதற்கு மேல் வேண்டுமென்றால் மக்களிடம் வாக்கெடுப்பு நடத்த வேண்டும். வேலை நேரம், வகுப்பில் எத்தனை பிள்ளைகள், மருத்துவக் காப்பீடு எதையும் பேரத்தில் வைக்க முடியாது. ஒப்பந்தம் ஒரு வருடத்துக்கு மேல் போகக்கூடாது. சம்பளத்தில் சந்தா பிடித்தம் கிடையாது. இத்தனைக்கும் மேலே வருடா வருடம் இந்த மறு அங்கீகாரத் தேர்தல். பேச ஏதும் இல்லாத சங்கம், காசு வசூலிக்க வழியில்லாத சங்கம், ஒவ்வொரு வருடமும் மொத்த ஊழியரில் பாதிக்கு மேல் ஆட்களைத் திரட்டிக் காட்ட வேண்டும். ஒரு ஆளின் கையையும் காலையும் கட்டிவிட்டு வருடம் ஒரு தடவை ஓடிக் காட்டு என்பது போலத்தான் இது எனக்குப் படுகிறது.

இனி நடைமுறைக்கு வருகிறேன். இதை நடத்துவது விஸ்கான்சின் வேலைவாய்ப்பு உறவுகள் ஆணையம். சங்கக்காரர்கள் 'வெர்க்' என்பார்கள். தேர்தல் தானாக நடந்துவிடாது. ஏற்கெனவே இருக்கும் சங்கம்தான் ஒவ்வொரு வருடமும் மனுக் கொடுத்து, கட்டணம் கட்டி, தனக்கான பரீட்சையைத் தானே கேட்டு வாங்க வேண்டும். பள்ளி மாவட்டங்களுக்கும் மாநில அரசு ஊழியர்களுக்கும் செப்டம்பர் 15 கடைசி நாள், தேர்தல் டிசம்பர் 1-க்குள். நகராட்சி, கவுண்டி (நம் ஊர் மாவட்டம் மாதிரி) ஊழியர்களுக்கு ஜனவரி 30 கடைசி நாள், தேர்தல் மே 1-க்குள். கட்டணம் யூனிட்டின் அளவைப் பொறுத்தது. 100 பேர் வரை 200 டாலர், 3,000 பேருக்கு மேல் போனால் 2,000 டாலர். பன்னிரண்டு பேர் உள்ள யூனிட்டுக்கும் அதே 200 தான். சந்தா கட்டுகிறவர்கள் ஐந்து பேர் என்றால் ஆளுக்கு 40 டாலர் அதற்கே போய்விடும்.

அந்தக் கடைசித் தேதியை யாரும் லேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது. மாநில அரசு வழக்கறிஞர்கள் சங்கமும் இன்னொரு சங்கமும் நேரத்துக்கு மனுக் கொடுக்கவில்லை என்று ஆணையம் அவற்றின் அங்கீகாரத்தை எடுத்துவிட்டது. சட்டத்தில் தேர்தல் நடத்தச் சொல்லியிருக்கிறதே தவிர மனுவைப் பற்றிச் சொல்லவில்லை, அது ஆணையம் தானாக வைத்த விதி என்று சங்கங்கள் வாதாடின. 2018-இல் மாநில உச்ச நீதிமன்றம் ஆணையத்தின் பக்கம் நின்றது. ஒரு ஊழியர்கூட 'வேண்டாம்' என்று சொல்லாமலே, ஒரு காகிதம் நேரத்துக்குப் போய்ச் சேராததால் சங்கம் போகலாம். வழக்கறிஞர்களுக்கே இந்தக் கதி என்றால் மற்றவர்களை நினைத்துப் பாருங்கள்.

மனு ஏற்கப்பட்டால், யூனிட்டில் யார் யார் என்ற பட்டியலை நிர்வாகம் கொடுக்கும். அந்தப் பட்டியலைத்தான் சங்கக்காரர்கள் முதலில் ஒரு பெயர் விடாமல் சரிபார்க்க வேண்டும். வேலையை விட்டுப் போனவர் பெயர் அதில் தங்கிவிட்டால் அவரும் கணக்கில் ஒரு தலை, ஆனால் அவர் ஓட்டுப் போடப் போவதில்லை. அப்படி நாலு பெயர் இருந்தால் நாலு எதிர் ஓட்டுடன் தேர்தல் ஆரம்பிக்கிறது. புதிதாகச் சேர்ந்தவர் பெயர் விட்டுப்போவதும் உண்டு. உங்களுக்கு இது முக்கியம். ஒரு வருடம்தான் ஆகிறது என்றீர்களே, உங்கள் பெயர் பட்டியலில் சரியாக இருக்கிறதா என்று பிரதிநிதியிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஓட்டுப் பெட்டி, வரிசை எதுவும் கிடையாது. அமெரிக்கன் ஆர்பிட்ரேஷன் அசோசியேஷன் என்ற அமைப்பின் மூலம் போனிலோ இணையத்திலோ போடலாம். பள்ளிகளுக்கு வழக்கமாக நவம்பரில், சில வாரங்களுக்கு, இரவு பகல் எந்த நேரமும். கேள்வி ஒன்றே ஒன்று. இந்தச் சங்கம் உங்கள் சார்பில் பேச வேண்டுமா, வேண்டாமா. இரண்டு நிமிட வேலைகூட இல்லை. அதனால்தான் 'அப்புறம் போட்டுக்கலாம்' என்று தள்ளிப்போகிறது. கடைசி நாள் நள்ளிரவு வரை நேரம் இருக்கும் என்று நம்பி ஏமாந்தவர்களும் உண்டு, நண்பகலிலேயே முடியும். உங்கள் நோட்டீஸில் என்ன நேரம் போட்டிருக்கிறது என்று இப்போதே பார்த்துவிடுங்கள்.

நீங்கள் எப்படிப் போட்டீர்கள் என்று யாருக்கும் தெரியாது. நிர்வாகத்துக்கும் தெரியாது, சங்கத்துக்கும் தெரியாது. போட்டீர்களா இல்லையா என்பதை ஓட்டு நடந்துகொண்டிருக்கும்போது அறிந்துகொள்ளலாமா என்பதில் ஒரு வழக்கே நடந்தது. 2015-இல் மேடிசன் ஆசிரியர் சங்கம், இதுவரை ஓட்டுப் போட்டவர்கள் பெயர்களைத் தாருங்கள், மீதிப் பேரைப் போய்ப் பார்க்க வேண்டும் என்று தகவல் உரிமைச் சட்டத்தின்கீழ் கேட்டது. ஆணையம் மறுத்தது. 2018-இல் மாநில உச்ச நீதிமன்றம் 5-க்கு 2 என்ற கணக்கில் மறுத்தது சரி என்றது. யாரையும் மிரட்டாமல் தேர்தல் நடக்க வேண்டும் என்பது நீதிபதிகள் சொன்ன காரணம். அரசியல் தேர்தல்களில் கட்சிக்காரர்கள் யார் போட்டாச்சு, யார் இன்னும் போடவில்லை என்று பார்த்துப் பார்த்து ஆள் அனுப்புகிறார்கள். அதே காரியம் இங்கே முடியாது. அதனால்தான் எங்கள் ஆட்கள் ஒரே ஆளிடம் மூன்று தடவை "போட்டாச்சா" என்று கேட்டு எரிச்சல் மூட்டுகிறார்கள். உங்களிடமும் கேட்டால் கோபித்துக்கொள்ளாதீர்கள், அவர்களுக்கு வேறு வழி இல்லை.

யாருக்கு இந்தத் தேர்தல் இல்லை என்று பார்த்தால் சட்டத்தின் மனசு தெரியும். பெரும்பாலான போலீஸ், தீயணைப்புப் படை இவர்களுக்கு ஆக்ட் டென்னின் இந்தக் கட்டுப்பாடுகள் பொருந்தாது. அவர்கள் பழையபடி ஏறக்குறைய எல்லாவற்றையும் பேசலாம், வருடா வருடம் ஓட்டுக் கேட்க வேண்டியதில்லை. மில்வாக்கி போலீஸ் சங்கமும் தீயணைப்பு வீரர்கள் சங்கமும் 2010-இல் வாக்கரை ஆதரித்தவை என்பதைப் பலரும் சுட்டிக்காட்டினார்கள். ஆனால் ஒன்று சொல்ல வேண்டும், தங்களுக்கு விலக்குக் கொடுத்துவிட்டார்கள் என்று தெரிந்தும் தீயணைப்பு வீரர்கள் பலர் மேடிசன் போராட்டத்தில் ஆசிரியர்களோடு சேர்ந்து நடந்தார்கள்.

இந்தப் பாகுபாடுதான் நீதிமன்றங்களில் திரும்பத் திரும்ப வந்தது. 2012 மார்ச்சில் மத்திய மாவட்ட நீதிபதி வில்லியம் கான்லி, ஒரு பிரிவினருக்கு மட்டும் இப்படி வருடாந்தரத் தேர்தல் வைப்பதற்கு நியாயம் இல்லை என்று அந்தப் பகுதியைச் செல்லாது என்றார். 2013 ஜனவரியில் ஏழாவது வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை மாற்றி முழுச் சட்டமும் செல்லும் என்றது. மாநில நீதிமன்றத்திலும் இதே இழுபறி. 2013-இல் தேர்தலுக்கு ஏற்பாடு செய்த ஆணையர்களை ஒரு நீதிபதி நீதிமன்ற அவமதிப்புக் குற்றவாளிகள் என்று சொல்லும் அளவுக்குப் போயிற்று. மாநில உச்ச நீதிமன்றம் தலையிட்டு அதை நீக்கியது, பிறகு 2014 ஜூலை 31 அன்று சட்டமே செல்லும் என்று தீர்ப்புச் சொன்னது. பத்து வருடம் கழித்து, 2024 டிசம்பர் 2 அன்று, டேன் கவுண்டி நீதிபதி ஜேக்கப் ஃப்ராஸ்ட் சட்டத்தின் பெரும்பகுதியைச் செல்லாது என்றார். நெடுஞ்சாலைப் போலீஸுக்கு விலக்கு, தலைமைச் செயலகப் போலீஸுக்கும் பல்கலைக்கழகப் போலீஸுக்கும் வனக் காவலர்களுக்கும் விலக்கு இல்லை, இதில் என்ன நியாயம் என்பது அவர் கேள்வி. ஆனால் மேல்முறையீட்டுக்காக அந்தத் தீர்ப்பு நிறுத்திவைக்கப்பட்டது. ஆகவே 'சட்டம் போயாச்சு, இனி ஓட்டுப் போட வேண்டாம்' என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். சுவரில் நோட்டீஸ் இருக்கிறது என்றால் தேர்தல் இருக்கிறது.

தோற்றால் என்ன ஆகும்? நடப்பு ஒப்பந்தம் முடியும்போது சங்கத்தின் அங்கீகாரம் போகும். அதற்குப் பிறகு 12 மாதத்துக்கு அதே மாதிரி யூனிட்டாக உங்களை யாரும் அணிதிரட்டி அங்கீகாரம் கேட்க முடியாது. சம்பளத்தை நிர்வாகம் தானாக முடிவு செய்யும். உங்கள் வேலை, பென்ஷன் கணக்கு, காப்பீடு இவை சங்கம் தோற்றதால் பறிபோகாது. நீக்கம், தண்டனை, பணியிடப் பாதுகாப்பு இவற்றில் புகார் செய்ய ஒவ்வொரு உள்ளாட்சியும் ஒரு முறை வைத்திருக்க வேண்டும், நடுநிலையான விசாரணை அதிகாரி இருக்க வேண்டும் என்பதை ஆக்ட் டென்னே சொல்கிறது. அது சங்கம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் உண்டு.

சங்கமும் செத்துப்போகாது. இது பலருக்குத் தெரியாத விஷயம். அங்கீகாரம் இல்லாத சங்கம் கூட்டம் போடலாம், சந்தா வாங்கலாம், பள்ளி வாரியக் கூட்டத்தில் எழுந்து பேசலாம், உங்களைக் கூப்பிட்டு விசாரிக்கும்போது துணை வரலாம். பேச இருப்பது அடிப்படைச் சம்பளம் மட்டும்தானே, அதற்காக வருடா வருடம் கட்டணமும் கட்டி இந்தப் பாடு எதற்கு என்று மறு அங்கீகாரமே கேட்காமல் விட்டுவிட்ட சங்கங்களும் இங்கே உண்டு. அவர்கள் கோழைகள் இல்லை. அந்த உழைப்பைக் கூட்டம் சேர்ப்பதிலும் வாரியத் தேர்தலிலும் போட்டுச் சாதித்தவர்களும் இருக்கிறார்கள். ஆனாலும் நிர்வாகம் சட்டப்படி எதிரே உட்கார்ந்து பேசியே ஆக வேண்டும் என்பது வேறு, மனசு வைத்தால் பேசலாம் என்பது வேறு. அந்த வித்தியாசத்துக்காகத்தான் நான் இன்னும் நவம்பரில் அலைகிறேன்.

மற்ற மாநிலங்களைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும், இடம் மாறினால் விதி மாறும். அயோவாவில் 2017 பிப்ரவரியில் இதே பாணியில் சட்டம் வந்தது. அங்கே தேர்தல் வருடா வருடம் இல்லை, ஒவ்வொரு ஒப்பந்தமும் முடிவதற்கு முன்னால். ஆனால் அங்கேயும் மொத்த ஊழியரில் பாதிக்கு மேல் வேண்டும், தோற்றால் இரண்டு வருடம் காத்திருக்க வேண்டும். 2019-இல் அங்கே உச்ச நீதிமன்றம் 4-க்கு 3 என்று மயிரிழையில் அதை ஏற்றுக்கொண்டது. ஃப்ளோரிடா 2023-இல் எடுத்த வழி வேறு. சங்கம் வருடா வருடம் பதிவைப் புதுப்பிக்கும்போது, யூனிட்டில் 60 சதவீதம் பேர் சந்தா கட்டும் உறுப்பினர்களாக இருக்க வேண்டும். அதற்குக் குறைந்தால் மறு அங்கீகாரத் தேர்தல் கேட்டு மனுப் போட வேண்டும். அதே சட்டத்தில் சம்பளத்தில் சந்தா பிடித்தத்தையும் தடை செய்துவிட்டார்கள், அதனால் அந்த 60-ஐத் தொடுவதே மலையாகிவிட்டது. தேர்தல் என்று வந்துவிட்டால் அந்தச் சட்டப்படி பதிவான ஓட்டில் பெரும்பான்மை போதும். அங்கேயும் போலீஸ், தீயணைப்புச் சங்கங்களுக்கு விலக்கு. மிசோரியில் 2018-இல் மூன்று வருடத்துக்கு ஒரு தேர்தல் என்று கொண்டுவந்தார்கள். 2021-இல் அந்த மாநில உச்ச நீதிமன்றம் அதைத் தூக்கிப் போட்டது, காரணம் அதே விலக்குதான். விஸ்கான்சினில் தாங்கிய தூண் மிசோரியில் தாங்கவில்லை.

நியாயமாகப் பேச வேண்டும் என்றால் எதிர்த்தரப்பு வாதத்தையும் சொல்லியாக வேண்டும். 1960-களிலும் 70-களிலும் ஓட்டுப் போட்டுச் சங்கத்தை அங்கீகரித்தவர்கள் எல்லாம் எப்போதோ ஓய்வு பெற்றுவிட்டார்கள். இன்றைக்கு வேலை செய்கிற யாரும் இந்தச் சங்கத்தைத் தேர்ந்தெடுக்கவில்லை. அவர்களிடம் ஒருமுறை கேட்டால் என்ன? இந்தக் கேள்வியை நான் ஒதுக்கித் தள்ளமாட்டேன். கேட்கலாம். இந்திய ரயில்வேயில் கேட்கிறார்களே. என் மாமனார் பொன்மலைப் பட்டறையில் வேலை பார்த்தவர். 2007-இல் ரயில்வேயில் முதன்முதலாக ரகசிய வாக்கெடுப்பில் சங்க அங்கீகாரத்தை முடிவு செய்தபோது வீட்டில் அதே பேச்சுதான். அப்புறம் 2013, அப்புறம் 2024 டிசம்பர். வருடா வருடம் இல்லை. மொத்த வாக்காளரில் 30 சதவீதம், அல்லது பதிவான செல்லும் ஓட்டில் 35 சதவீதம் வாங்கினால் அங்கீகாரம். ஒன்றுக்கு மேற்பட்ட சங்கங்களுக்கும் இடம் உண்டு. விஸ்கான்சின் விதியைப் போனில் அவரிடம் விளக்கியபோது இரண்டு தடவை திருப்பிக் கேட்டார். "ஓட்டுப் போடாதவனை எப்படி எதிர் ஓட்டா எண்ணுவான்?" என்றார். என்னிடம் பதில் இல்லை.

ஊழியரிடம் கேட்பதில் எனக்கு மறுப்பு இல்லை. வருடா வருடம் கேட்பதும், கேட்கும் செலவைக் கேட்கப்படுகிறவர் தலையிலேயே வைப்பதும், மௌனத்தை ஒரு பக்கத்துக்கு எழுதிக்கொடுப்பதும்தான் தவறு. சமையலறை அம்மா சும்மா இருக்க விரும்பினார் என்றால் சும்மா இருக்கும் உரிமையும் அவருடையதுதானே. அதை எடுத்து 'வேண்டாம்' என்று மாற்றி எழுத யாருக்கு என்ன உரிமை?

இன்னொரு சந்தேகமும் உங்களுக்கு வரலாம். 'வேண்டும்' என்று போட்டால் சந்தா கட்டச் சொல்வார்களோ? மாட்டார்கள். உறுப்பினர் அல்லாத அரசு ஊழியரிடம் கட்டாயமாகப் பணம் வாங்க முடியாது என்று நாட்டின் உச்ச நீதிமன்றம் 2018 ஜூனில் ஜேனஸ் வழக்கில் தீர்ப்புச் சொல்லிவிட்டது. ஓட்டு வேறு, உறுப்பினர் ஆவது வேறு. அதேபோல 'வேண்டாம்' என்று போட்டாலும் உங்களை யாரும் தனியாகப் பார்க்க முடியாது.

இப்போது நீங்கள் செய்ய வேண்டியது இவ்வளவுதான். நாளைக்கு ஸ்டாஃப் ரூமுக்குப் போனதும் அந்த நோட்டீஸைப் போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். ஓட்டு ஆரம்பிக்கும் தேதி, முடியும் தேதி, முடியும் மணி, போன் எண் நாலும் அதில் இருக்கும். அடையாளத்துக்கு என்ன கேட்பார்கள் என்பதையும் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். முதல் நாளே சாப்பாட்டு இடைவேளையில் போட்டுவிடுங்கள். பக்கத்து வகுப்பு உதவியாளர் யாராவது "எனக்கு இதில் ஒன்றும் இல்லை, நான் போடப் போவதில்லை" என்றால், எந்தப் பக்கம் போடு என்று நீங்கள் சொல்ல வேண்டாம். போடாமல் விட்டால் அது எந்தப் பக்கம் போகும் என்பதை மட்டும் சொல்லுங்கள்.